டிவியில் முகம் தெரிந்தால் காசு வருமா? அமெரிக்காவின் சின்னக் கல்லூரி அணிகள் சொல்லும் கணக்கு

2022 மார்ச் 17, வியாழக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு கல்லூரி பாஸ்கெட்பால் ஆட்டம். ஒரு பக்கம் கென்டக்கி, எட்டு முறை தேசிய சாம்பியன். இன்னொரு பக்கம் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் இருக்கிற செயின்ட் பீட்டர்ஸ். பெரும்பாலான அமெரிக்கர்களே அதுவரை கேள்விப்படாத ஒரு சின்ன கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அணிக்குப் பெயர் மயில்கள்.

கென்டக்கி தன் ஆண்கள் பாஸ்கெட்பால் அணிக்கு வருஷத்துக்குச் செலவு பண்ணினது சுமார் 1.8 கோடி டாலர். செயின்ட் பீட்டர்ஸ் செலவு பண்ணினது சுமார் 16 லட்சம் டாலர். கென்டக்கி கோச்சோட சம்பளம் மட்டுமே 80 லட்சம் டாலருக்கு மேல. அதாவது எதிர் டீமோட மொத்த பட்ஜெட்டைப் போல ஐந்து மடங்கு, ஒரே ஆளுக்கு.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போச்சு. 85-79, மயில்கள் ஜெயிச்சாங்க. அடுத்து முரே ஸ்டேட், அதற்கு அடுத்து பர்டூ. தரவரிசையில் 15-ஆம் இடம் கொடுக்கப்பட்ட ஒரு அணி கடைசி எட்டுக்குள் வந்தது அதுதான் வரலாற்றில் முதல் தடவை. பத்து நாள் முழுக்க அமெரிக்க டிவியில் அவங்க முகம்தான்.

சரி, இது பணம் பற்றிய தளம். அதனால நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பத்து நாள் புகழ் யாரோட பாக்கெட்டுக்குப் போச்சு?

"சம்பளம் பெரிசா இல்லை, ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்கிற வாக்கியத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள நீங்க கேட்டிருப்பீங்க. கேட்காதவங்க இனிமே கேட்பீங்க. அந்த எக்ஸ்போஷரை ரூபாய் பைசாவில் அளந்து பார்க்க நம்ம ஆபீஸில் வழி கிடையாது. அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் உண்டு. அதுக்காகத்தான் இந்தக் கதை.

முதல்ல அடிப்படை

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கிற பெரிய அமைப்பு என்சிஏஏ. அதோட முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கு. இவை 30 சொச்சம் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கு, கான்ஃபரன்ஸ்னு சொல்வாங்க. ஒவ்வொரு மார்ச்சிலும் 68 அணிகள் தேசியப் போட்டியில் ஆடும். தோத்தா வெளியே, அவ்வளவுதான். ஒவ்வொரு கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கும் ஒரு இடம் உறுதி. அதனால எவ்வளவு சின்ன கல்லூரியானாலும், தன் கூட்டமைப்பில் ஜெயிச்சா மார்ச்சில் தேசிய டிவியில் வரலாம்.

இந்தப் போட்டியோட டிவி உரிமைதான் என்சிஏஏ-வுக்குச் சோறு போடுது. 2010-இல் சிபிஎஸ், டர்னர் ரெண்டும் சேர்ந்து 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலர் கொடுத்து வாங்கினாங்க. 2016-இல் இன்னொரு 880 கோடி டாலர் சேர்த்து 2032 வரைக்கும் நீட்டிச்சாங்க. நம்ம ஊரில் ஐபிஎல் உரிமை ஏலம் பற்றிப் பேசுவோமே, அந்த மாதிரி பணம். ஒரு வித்தியாசம், இங்கே ஆடுறது காலேஜ் பசங்க. 2021 ஜூலை வரைக்கும் அவங்க தங்கள் பெயரை வச்சு ஒரு விளம்பரத்தில் நடிச்சுக்கூட சம்பாதிக்க விதி விடலை.

காலை ஆறு மணி ஆட்டம்

டிவிக்கும் சின்னக் கல்லூரிக்குமான உறவு எப்பவுமே கொஞ்சம் விசித்திரம்தான்.

1982 டிசம்பர் 23. ஹவாய் மாநிலத்தில் சாமினாட் என்று ஒரு குட்டிக் கல்லூரி, அப்போ என்சிஏஏ-வின் முதல் பிரிவில்கூட இல்லை. நாட்டிலேயே நம்பர் ஒன் அணியான வர்ஜீனியாவை 77-72 என்று தோற்கடிச்சாங்க. ஏழடி நாலங்குலம் உயரமுள்ள ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய அணி அது. அந்த ஆட்டத்தை எந்த டிவியும் காட்டலை. ஆனா சாமினாட் அந்தப் பெயரைச் சும்மா விடலை. 1984-இல் மாவி தீவில் ஒரு போட்டித்தொடரை நடத்தும் கல்லூரியா மாறிட்டாங்க. நாட்டின் பெரிய அணிகள் ஒவ்வொரு நவம்பரும் அங்கே பறந்து வர ஆரம்பிச்சது. ஈஎஸ்பிஎன் வருஷாவருஷம் காட்டும் நிகழ்ச்சியா அது வளர்ந்தது. ஆட்டத்தை யாரும் பார்க்காம போனாலும், அதை வச்சு ஒரு சொத்து உருவாக்கினாங்க.

இதுக்கு நேர் எதிரான கதை இண்டியானா ஸ்டேட். 1979 இறுதி ஆட்டத்தில் லேரி பேர்டை வச்சுக்கிட்டு, மேஜிக் ஜான்சனோட மிச்சிகன் ஸ்டேட்டை எதிர்கொண்டாங்க. டிவி ரேட்டிங்கில் அந்த ஆட்டத்தை இன்றுவரை எந்தக் கல்லூரி பாஸ்கெட்பால் ஆட்டமும் தாண்டலை. அதைவிடப் பெரிய எக்ஸ்போஷர் எந்தச் சின்ன அணிக்கும் கிடைக்கப் போறதில்லை. ஆட்டத்தில் தோத்தாங்க, பேர்ட் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார். இண்டியானா ஸ்டேட் அதுக்கப்புறம் அந்தத் தேசியப் போட்டிக்குள் நுழையவே 2000 வரை ஆச்சு. 21 வருஷம்!

அதே 1979 செப்டம்பரில்தான் ஈஎஸ்பிஎன் ஆரம்பிக்குது. 24 மணி நேரம் விளையாட்டு காட்டணும், ஆனா கையில் பெரிசா ஒண்ணும் இல்லை. கல்லூரி பாஸ்கெட்பால் மலிவா, நிறைய கிடைச்சது. நேரத்தை நிரப்ப ஆட்டம் தேவைப்பட்ட சேனலும், டிவி தேவைப்பட்ட கல்லூரிகளும் ஒண்ணு சேர்ந்தாங்க. பெரிய கல்லூரிகளுக்கு சனிக்கிழமை மதியம், சின்னதுகளுக்கு மிச்சம் மீதி. 2008-இல் ஈஎஸ்பிஎன் சீசன் தொடக்கத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஆட்டங்களைக் காட்டும் ஒரு மாரத்தானைத் தொடங்கியது. இதில் ஒரு சிக்கல், விடியற்காலையில் யார் ஆடுவது? 2009 நவம்பரில் மான்மத் பல்கலைக்கழகம் காலை ஆறு மணிக்கு ஆட ஒத்துக்கிட்டது. எதிரணியா வந்தது யார் தெரியுமா? அதே செயின்ட் பீட்டர்ஸ். கென்டக்கியைத் தோற்கடிக்கிறதுக்கு சுமார் 12 வருஷம் முன்னாடி, டிவியில் வர்றதுக்காக விடியற்காலையில் கோர்ட்டில் இறங்கின அணி அது.

நைட் ஷிஃப்ட் எடுத்துக்கிட்டா ஆன்சைட் கால்ல நம்ம பெயர் தெரியும்னு சொல்ற மாதிரிதான். குறை சொல்ல மாட்டேன். சில நேரம் வேற கதவே திறந்திருக்காது.

தோற்பதற்குச் சம்பளம்

டிவி பணம் பெரிசா வராத கல்லூரி எப்படிப் பிழைக்குது? இதுக்கு ஒரு வழி இருக்கு, கேட்டா கொஞ்சம் கஷ்டமா இருக்கும்.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெரிய கல்லூரிகள் தங்கள் சொந்த அரங்கில் எளிதா ஜெயிக்க ஒரு சின்ன அணியைக் கூப்பிடும். வர்றதுக்கு ஒரு உறுதித்தொகை கொடுக்கும். வழக்கமா ஒரு ஆட்டத்துக்கு 80 ஆயிரத்தில் இருந்து ஒரு லட்சம் டாலர் பக்கம். சின்ன அணி பஸ்ஸிலோ விமானத்திலோ போய், 30 புள்ளி வித்தியாசத்தில் தோத்து, செக்கை வாங்கிட்டு வரும். சில அணிகள், குறிப்பா தென் மாநிலங்களின் வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள், சீசனின் முதல் ரெண்டு மாதத்தில் பெரும்பாலும் வெளியூரிலேயே இப்படி ஆடுறாங்க. அந்தக் காசில்தான் மற்ற விளையாட்டுகளுக்கும் செலவு ஓடணும்.

எப்பவாவது திரைக்கதை மாறும். 2019 நவம்பர் 26, டெக்சஸின் ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின் பல்கலைக்கழகம் 85,000 டாலர் வாங்கிக்கிட்டு நம்பர் ஒன் அணியான டியூக்கின் அரங்குக்குப் போனது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் நேதன் பெயின் என்ற வீரர் பந்தோடு ஓடி, கூடையில் போட்டார். 85-83. கான்ஃபரன்ஸுக்கு வெளியிலான ஆட்டங்களில் சொந்த மண்ணில் டியூக் தொடர்ந்து 150 முறை ஜெயிச்சு வச்சிருந்தது. அது அன்னைக்கு முடிஞ்சது.

பெயின் பஹாமாஸ் நாட்டுக்காரர். கிட்டத்தட்ட மூணு மாசம் முன்னாடி டோரியன் புயலில் அவர் குடும்பம் எல்லாத்தையும் இழந்திருந்தது. அவங்களுக்காகக் கல்லூரி ஒரு நிதி திரட்டும் பக்கத்தை ஏற்கெனவே திறந்திருந்தது. பெரிசா யாரும் போடலை, சில ஆயிரம் டாலர்தான். ஆட்டம் முடிஞ்சதும் கண்ணீரோட அவர் கொடுத்த பேட்டி டிவியில் ஓடியது. சில நாட்களில் அந்த நிதி ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

இந்தக் கட்டுரைக்காக நான் யோசிச்ச உதாரணங்களிலேயே, எக்ஸ்போஷர் நேரடியா, உடனே, தேவைப்பட்டவர் கைக்கே காசா மாறினது இது ஒண்ணுதான். கவனிங்க, அந்தப் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது. வெளிச்சம் விழுந்தப்போ பணம் வந்து சேர ஒரு வழி தயாரா இருந்தது.

யூனிட் கணக்கு: பேனா எடுத்துக்கோங்க

இப்போ முக்கியமான இடம். மார்ச் போட்டியில் ஜெயிச்சா காசு வருமா? வரும். ஆனா எப்படின்னு பாருங்க.

என்சிஏஏ டிவி வருமானத்தின் ஒரு பகுதியை "யூனிட்" என்ற கணக்கில் பிரிச்சுக் கொடுக்குது. ஒரு அணி தேசியப் போட்டியில் ஆடுற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு யூனிட், இறுதி ஆட்டம் மட்டும் கணக்கில் வராது. ஒரு யூனிட்டின் மதிப்பு தோராயமா 20 லட்சம் டாலர். டாலர் 85 ரூபாய்னு வச்சுக்கிட்டா 17 கோடி ரூபாய். கேட்கவே நல்லா இருக்கு இல்லையா?

ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, அந்தப் பணம் ஒரே தடவையா வராது, ஆறு வருஷத்துக்குப் பிரிச்சு வரும். ரெண்டு, அது ஜெயிச்ச கல்லூரிக்குப் போகாது. அதோட கான்ஃபரன்ஸுக்குப் போகும். அங்கே எப்படிப் பங்கு போடணும்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. பல இடங்களில் பெரும்பகுதி எல்லாருக்கும் சமமா போகும். சில இடங்களில் சம்பாதிச்ச அணிக்குக் கொஞ்சம் கூடுதல்.

செயின்ட் பீட்டர்ஸை எடுத்துக்கலாம். நாலு ஆட்டம் ஆடினாங்க, நாலு யூனிட். ஆனா முதல் யூனிட், அந்தக் கான்ஃபரன்ஸில் இருந்து யார் போயிருந்தாலும் வந்திருக்கும். அதனால மயில்கள் உண்மையில் கூடுதலா சம்பாதிச்சுக் கொடுத்தது மூணு யூனிட், சுமார் 60 லட்சம் டாலர். ஆறு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 10 லட்சம். அப்போ அந்தக் கான்ஃபரன்ஸில் 11 கல்லூரிகள். சமமா பிரிச்சா ஒரு கல்லூரிக்கு வருஷத்துக்கு 90 ஆயிரம் டாலர்.

மேலே ஒரு எண் பார்த்தோம், ஞாபகம் இருக்கா? பெரிய கல்லூரி அரங்கில் போய்த் தோத்துட்டு வர்றதுக்கான கூலி 80 ஆயிரத்தில் இருந்து ஒரு லட்சம்.

அதாவது வரலாற்றில் எந்த 15-ஆம் இடத்து அணியும் செய்யாத சாதனையைச் செஞ்சு, சமபங்கு கணக்கில் வருஷத்துக்குக் கிடைக்கிறது, ஒரு தடவை தோத்துட்டு வர்ற காசு. எனக்கு இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலை. இதே அளவு பணம் ஒண்ணுமே பண்ணாத பத்து கல்லூரிகளுக்கும் போகும், அதுவும் உண்மை.

ஆனா இந்த முறையை முட்டாள்தனம்னு ஒதுக்கிட முடியாது. ஆறு வருஷம் பிரிச்சுக் கொடுக்கறதால ஒரு நல்ல வருஷத்தின் பணம் ஐந்து மோசமான வருஷத்தைத் தாங்கும். அடுத்த வருஷம் வேறொரு கல்லூரி ஜெயிச்சா அதில் உங்களுக்கும் பங்கு. ஒருவகையில் இது சீட்டுப் பிடிக்கிற மாதிரி, காப்பீடு மாதிரி. உங்க டீமின் அப்ரைசல் பட்ஜெட்டை மேனேஜர் எல்லாருக்கும் சமமா பிரிக்கும்போது வர்ற எரிச்சல் இருக்கே, அதே எரிச்சல் இங்கேயும் உண்டு. அதே பாதுகாப்பும் உண்டு.

67.7 கோடி டாலர் பெறுமான விளம்பரம்?

"யூனிட்டை விடுங்க, விளம்பரம் எவ்வளவு?" என்று கேட்பாங்க. வர்ஜீனியா மாநிலத்தின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2006-இல் 11-ஆம் இடத்தில் இருந்து கடைசி நாலு அணிகளில் ஒண்ணா வந்தது. யூகான் அணியைக் கூடுதல் நேரத்தில் 86-84 என்று ஜெயிச்சது. இதுல ஒரு சுவாரசியம், அவங்களைப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்ததே அப்போ சர்ச்சை. சின்ன கான்ஃபரன்ஸ் அணிகளுக்காகவே ஈஎஸ்பிஎன் 2003 முதல் 2013 வரை பிப்ரவரியில் நடத்திய ஒரு நிகழ்ச்சியில், விச்சிட்டா ஸ்டேட்டை அதன் ஊரிலேயே ஜெயிச்சிருந்தது அவங்களுக்குக் கைகொடுத்தது.

பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவரே ஆய்வு பண்ணி, கிடைச்ச இலவச ஊடக வெளிச்சத்தின் மதிப்பு 67.7 கோடி டாலர் என்று சொன்னார்.

இந்த மாதிரி எண்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கணக்கு போடுற முறை எளிது: டிவியில் எவ்வளவு நேரம் பெயர் வந்தது, அதே நேரத்தை விளம்பரமா வாங்கினா எவ்வளவு ஆகும், பெருக்கு. ஆனா அந்தக் கல்லூரி அவ்வளவு காசு கொடுத்து அந்த விளம்பரத்தை வாங்கியிருக்குமா? சத்தியமா வாங்கியிருக்காது. நம்ம பரம்பரை நிலத்துக்கு புரோக்கர் சொல்ற விலை மாதிரிதான். வாங்க ஆள் வந்து பத்திரம் பதியும் வரைக்கும் அது பேச்சு மட்டும்.

இன்னும் நிதானமான ஓர் அளவு இருக்கு. டெவின் போப், ஜாரன் போப் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், விளையாட்டு வெற்றிக்கு அப்புறம் மாணவர் விண்ணப்பங்கள் எவ்வளவு கூடுதுன்னு பல வருஷத் தரவை எடுத்துப் பார்த்தாங்க. 2009-இல் வெளியான முடிவு: 2 முதல் 8 சதவீதம் வரை. இது சின்ன விஷயம் இல்லை. மாணவர் கட்டணத்தை நம்பி ஓடுற தனியார் கல்லூரிக்கு 5 சதவீதம் கூடுதல் விண்ணப்பம் வந்தா அது நிஜப் பணம். ஆனா 67.7 கோடி டாலர் என்ற தலைப்புச் செய்திக்கும் இதுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்க.

எழுந்து போகக்கூடியவங்க

மறுபடி 2022. நார்த் கரோலைனாவிடம் 69-49 என்று செயின்ட் பீட்டர்ஸ் தோத்தாங்க. சில நாட்களிலேயே கோச் ஷஹீன் ஹாலோவே, தான் படிச்ச சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகப் போயிட்டார். பெரிய கான்ஃபரன்ஸ், பெரிய சம்பளம். கென்டக்கிக்கு எதிராக 20 புள்ளி எடுத்த, மீசைக்காரர் டக் எடர்ட் ஒரு சிக்கன் விங்ஸ் உணவகச் சங்கிலியோட விளம்பர ஒப்பந்தம் போட்டார், பிறகு வேறு கல்லூரிக்கு மாறினார். முக்கியமான ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் கோடையிலேயே கிளம்பிட்டாங்க. 2018-இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும், மாறினா ஒரு வருஷம் உட்கார வேண்டாம் என்ற 2021 விதியும், விளம்பர வருமானத்துக்கான அனுமதியும் சேர்ந்து இதை எளிதாக்கிடுச்சு.

இது புதுக்கதையும் இல்லை. 2013-இல் ஃப்ளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழகம், வகுப்புகள் தொடங்கியே 16 வருஷம்தான் ஆன இடம், ஜார்ஜ்டவுனைத் தோற்கடிச்சுக் கடைசி 16-க்குள் போனது. கோச் ஆண்டி என்ஃபீல்ட் உடனே தெற்கு கலிஃபோர்னியாவுக்குப் போனார். 2023-இல் ஃபேர்லி டிக்கின்சன் அணி 16-ஆம் இடத்தில் இருந்து முதல் இட பர்டூவைச் சாய்ச்சது. அங்கே முதல் வருஷமே வேலை பார்த்த கோச் டோபின் ஆண்டர்சன் சில நாட்களில் அயோனாவுக்குப் போனார்.

யாரையும் துரோகின்னு சொல்ல இதில் ஒண்ணும் இல்லை. நீங்களும் நானும் அதையேதான் பண்ணுவோம். வெளிச்சம் விழும்போது அதன் மதிப்பு, தூக்கிட்டுப் போகக்கூடியவங்ககிட்ட உடனே பணமா மாறுது. கோச்சுக்கு ஒரே வாரத்தில் சம்பளம் பல மடங்கு. ஆட்டக்காரருக்கு விளம்பரம், புது இடம். கட்டடத்தோட ஊன்றி நிற்கிற கல்லூரிக்கு ஆறு வருஷத் தவணையில், பதினோரு பங்கில் ஒரு பங்கு.

ஆபீஸில் இதைப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கு. ஒரு ப்ராஜெக்ட் பெரிய ஹிட் ஆகுது. உங்க பெயர் வெளியே தெரியுதா, இல்லை டீம் பெயர்தான் தெரியுதா? எடர்ட் பெயர் டிவியில் வந்தது. அதே அணிக்கு ஸ்கோர் ஷீட் பார்த்தவர், எதிரணி வீடியோவை ராத்திரி முழுக்க வெட்டி ஒட்டிக் கொடுத்தவர், அவங்க பெயர் வரலை. சம்பளப் பேச்சுவார்த்தையில் உங்களுக்கு வலு கொடுக்கறது, வேற கம்பெனிக்காரருக்கும் புரியற மாதிரி உங்க பெயரில் பதிவாகி இருக்கிற வேலை. மத்ததெல்லாம் கான்ஃபரன்ஸ் கணக்கில் போற யூனிட்.

கொன்சாகா: 25 வருஷ எஸ்ஐபி

அப்போ நிறுவனம் ஜெயிக்கவே முடியாதா? ஒரு விதிவிலக்கைப் பார்த்தே ஆகணும்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் கொன்சாகா. 1999-இல் 10-ஆம் இடத்தில் இருந்து மின்னசோட்டா, ஸ்டான்ஃபோர்ட், ஃப்ளோரிடாவை வரிசையா ஜெயிச்சுக் கடைசி எட்டுக்குப் போனது. வழக்கப்படி கோச் டான் மான்சன் பெரிய கல்லூரிக்குப் போனார். அதுவும் எங்கே? அவங்க தோற்கடிச்ச அதே மின்னசோட்டாவுக்கு! இதுவரைக்கும் எல்லாரோட கதையும் ஒண்ணுதான்.

கொன்சாகா அவருடைய உதவியாளர் மார்க் ஃபியூவைக் கோச்சாக்கியது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கார். 1999-இல் இருந்து நடந்த ஒவ்வொரு தேசியப் போட்டியிலும் கொன்சாகா ஆடியிருக்கு, கோவிட்டால் போட்டியே நடக்காத 2020-ஐத் தவிர. 2004-இல் 6,000 பேர் உட்காரும் புது அரங்கம் கட்டினாங்க. கிழக்கு மாநிலங்களில் நள்ளிரவு ஆகும் நேரத்தில் டிவி ஆட்டம்னா சரின்னாங்க. சீசன் ஆரம்பத்தில் பெரிய அணிகளோட எங்கே வேணும்னாலும் ஆடத் தயார்னாங்க. 2017, 2021 ரெண்டு தடவை இறுதி ஆட்டம் வரை போனாங்க, ரெண்டிலும் தோல்விதான்.

மேலே சொன்ன யூனிட் பங்கீடு இருக்கே, அதை மாத்த வச்சதும் இவங்கதான். 2018-இல் வேற கான்ஃபரன்ஸுக்குப் போறதா பேச்சு கிளம்பியது. இருக்கிற கான்ஃபரன்ஸ் உடனே விதியை மாத்தி, யூனிட் சம்பாதிக்கிற அணிக்குக் கூடுதல் பங்குன்னு ஒத்துக்கிட்டது. கையில் இன்னொரு ஆஃபர் லெட்டரோட எச்ஆர் அறைக்குப் போன மாதிரி. 2024-இல் பேக்-12 கான்ஃபரன்ஸில் 2026 ஜூலை முதல் சேரப்போறதா கொன்சாகா அறிவிச்சது.

பட்லரும் கிட்டத்தட்ட இதே வழிதான். 2010, 2011 ரெண்டு வருஷம் தொடர்ந்து இறுதி ஆட்டம், அதை வச்சு 2013-க்குள் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ். டேவிட்சனை ஸ்டெஃபன் கரி 2008-இல் கடைசி எட்டுக்குக் கொண்டுபோனார். மாணவர்கள் டெட்ராய்ட் போய் ஆட்டம் பார்க்க பஸ், டிக்கெட், தங்குமிடம் எல்லாத்துக்கும் கல்லூரியின் அறங்காவலர்களே காசு போட்டாங்க. அந்தக் கல்லூரி மேலான கான்ஃபரன்ஸுக்குப் போக 2014 வரை ஆச்சு.

கேமரா செலவு யாருடையது?

இப்போ நிலைமை இன்னும் மாறிப்போச்சு. 2018 ஏப்ரலில் ஈஎஸ்பிஎன் பிளஸ் என்ற ஸ்ட்ரீமிங் சேவை வந்ததுக்கப்புறம் சின்ன கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் பெரும்பகுதி அங்கே போயிடுச்சு. முன்னாடி வருஷத்துக்கு ரெண்டு மூணு ஆட்டம் டிவியில் வரும். இப்போ எல்லா ஆட்டமும் போனிலேயே பார்க்கலாம். ஆனா இதில் பல ஒப்பந்தங்களில் படம் பிடிக்கிற வேலை கல்லூரியோடது. கேமரா, கன்ட்ரோல் ரூம், கிராஃபிக்ஸ், வர்ணனையாளர், எல்லாம் அவங்க செலவு. மாணவர்களைப் பயிற்சி கொடுத்து உட்கார வைக்கிறாங்க. அந்த மாணவர்களுக்கு அது நல்ல அனுபவம், வேலையும் கிடைக்குது. கல்லூரிக்கோ எக்ஸ்போஷர் என்பதே மாதாமாதம் வர்ற ஒரு செலவாயிடுச்சு. எல்லாரும் திரையில் இருக்கும்போது, திரையில் இருப்பதால் மட்டும் யாரும் தனியா தெரியறதும் இல்லை. லிங்க்டுஇன்ல தினம் போஸ்ட் போடுறவங்களுக்கு இது புரியும்.

இது ஒரு பக்கம் இருக்க, நிரந்தரச் செலவு இன்னொரு பக்கம். முதல் பிரிவில் இருக்கணும்னா ஒரு கல்லூரி குறைந்தது 14 விளையாட்டுகளை நடத்தணும். உதவித்தொகை, பயணம், கோச்சுகள், எல்லாம் சேரும். போதாக்குறைக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு பெரிய வழக்கின் சமரசப்படி, கல்லூரிகளே நேரடியா ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கலாம். 2025-26-இல் ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். முன்னாள் ஆட்டக்காரர்களுக்கான நிலுவைத் தொகையில் ஒரு பகுதியை என்சிஏஏ, கான்ஃபரன்ஸ்களுக்குத் தரும் பங்கில் இருந்துதான் பிடிக்குது. பெரிய கல்லூரிகளின் கால்பந்துப் பணத்தைச் சுற்றி எழுந்த தகராறுக்கு நாங்க ஏன் கட்டணும்னு சின்ன கான்ஃபரன்ஸ்கள் எதிர்ப்பு சொன்னாங்க, பலிக்கலை.

ஆட்டக்காரங்களுக்குப் பணம் வர்றது நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கேள்வி, இந்த விளையாட்டில் தொடர்ந்து உட்கார யாரால் முடியும் என்பது.

கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்ட் பல்கலைக்கழகம் 2021 மார்ச்சில் தன் வரலாற்றிலேயே முதல் முறையா தேசியப் போட்டிக்கு வந்தது. முதல் ஆட்டத்திலேயே, பின்னாடி சாம்பியன் ஆன பேலரிடம் தோத்தது. ரெண்டே மாசத்தில், மே 2021-இல், முதல் பிரிவை விட்டு உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவுக்குப் போறோம்னு நிர்வாகம் முடிவெடுத்தது. அப்படிப் போனா வருஷத்துக்கு 90 லட்சம் டாலருக்கு மேல் மிச்சம் ஆகும்னு ஓர் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை சொல்லியிருந்தது. ஆட்டக்காரர்களும் பழைய மாணவர்களும் கொதிச்சாங்க. அவங்க கோபம் புரியுது. ஆனா அந்த 90 லட்சத்தை மேலே நாம போட்ட 90 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வச்சுப் பாருங்க, நிர்வாகத்தின் கணக்கும் புரியும். வெற்றிப் போதையில் புதுசா கடன் வாங்கி அரங்கம் கட்டாம, நல்ல வருஷத்திலேயே செலவைக் குறைக்க ஒருத்தர் முடிவெடுத்ததை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒரு வருஷ போனஸைப் பார்த்து இருபது வருஷ இஎம்ஐ போடுறவங்களை நம்ம சேனல்ல எத்தனை தடவை பேசியிருக்கோம்!

2025 மார்ச்சில் இது மறுபடி நடந்தது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் 1991-க்கு அப்புறம் முதல் தடவையா தேசியப் போட்டிக்கு வந்தது. மார்ச் 18 ராத்திரி, அலபாமா ஸ்டேட்டிடம் கடைசி நொடியில் போன கூடையால் 70-68 தோல்வி. அந்தக் கடைசி நொடி வீடியோ நாடு முழுக்க ஓடியது. ஒரு வாரம் கழிச்சு, மார்ச் 25-இல், மூன்றாம் பிரிவுக்குப் போறதா அந்தக் கல்லூரி அறிவிச்சது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கும் புதுச் சூழல், எல்லாத்தையும் காரணமா சொன்னாங்க. 2026-27 சீசனில் இருந்து மாற்றம். அந்த ஒரு ஆட்டத்துக்கான யூனிட் பணம் அவங்க கான்ஃபரன்ஸுக்கு ஆறு வருஷம் வந்துக்கிட்டே இருக்கும்.